பாஸ்காத் திரி இடம் மாறும்போது

பெந்தகோஸ்துப் பெருவிழாவின் மாலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து போயினர். பீடத்தருகே ஐம்பது நாட்கள் நின்றிருந்த பாஸ்காத் திரியைக் கோவிற்பிள்ளை இரு கைகளாலும் தூக்கிச் சென்று, திருமுழுக்குத் தொட்டியின் பக்கம் வைத்தார். உயிர்ப்பு இரவில் இருண்ட கோவிலுக்குள் நம்மை அழைத்துச் சென்றபோது ஓங்கி நின்ற திரி, இப்போது உருகிக் குறைந்து போயிருந்தது. "இனிமே அடுத்த வருஷந்தான், சாமி" என்று சொல்லிக் கைகளைத் தட்டிக்கொண்டார் அவர். நாமும் தலையசைத்துவிட்டு அறைக்குத் திரும்பினோம்.

திரும்பிய பின்னரே அந்தத் தலையசைப்பு தவறு என்பது உறைத்தது. முற்காலத்தில், ஆண்டவரின் விண்ணேற்ற விழாவன்று நற்செய்தி வாசித்து முடிந்ததும் பாஸ்காத் திரியை அணைத்துவிடுவது வழக்கம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த வழிபாட்டுச் சீர்திருத்தம், அதனைப் பெந்தகோஸ்து வரை பீடத்தருகே எரியச் செய்தது. அதன்பின் திருமுழுக்கு நடைபெறும் இடத்தில் வைக்கும்படி பணித்தது. அன்று முதல் ஆண்டு முழுவதும், ஒரு குழந்தை திருமுழுக்குப் பெறும்போதெல்லாம் அத்திரி ஏற்றப்படுகிறது. நம்மில் ஒருவர் கண்மூடிப் பெட்டியில் கோவிலுக்கு வரும்போதும் அது அருகில் எரிகிறது. விழா நாட்களின் வெளிச்சத்தைத் திருச்சபைத் தாய் நம்முடைய பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். நாமோ அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம்!

இதைத்தான் இம்மாதம் நம் குடும்பங்களோடு கலந்து சிந்திக்க விரும்புகிறோம். தவக்காலத்தில் நம்மை நாமே சோதித்துப் பார்த்தோமே, அந்த ஆன்ம சோதனை இப்போது எங்கே போயிற்று?

வெறிச்சோடிய பாவசங்கீர்த்தனத் தொட்டி

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இக்கடலோரப் பங்குகளில் பெரிய வாரத்துக் காட்சியை யார் மறப்பர்? துறைமுகத்தில் இரவு ஷிப்டு முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே கோவிலுக்கு வருவார்கள். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் தாய்மார் வரிசையில் நிற்பார்கள். ஒப்புரவு அருட்சாதனம் நிறைவேற்ற இரண்டு மூன்று குருக்கள் உட்கார்ந்தாலும் வரிசை குறையாது. பெந்தகோஸ்து கடந்த முதல் சனிக்கிழமையில் நாமும் உட்காருகிறோம். மின்விசிறி சுழல்கிறது. வயது முதிர்ந்த இருவர் வருகிறார்கள். அவ்வளவுதான்.

இதனைக் குறையாகச் சொல்லி எவரையும் நோகச் செய்வது நம் நோக்கமன்று. தவக்காலம் நாற்பது நாள், பாஸ்காக் காலம் ஐம்பது நாள். அதன்பின் திருவருகைக்காலம் வரை ஏறக்குறைய ஆறு மாதங்கள் ஆண்டின் பொதுக்காலம் ஓடுகிறது. பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, வட்டிக்கடன், வேலை மாற்றம், பிள்ளைகளின் திருமணம், குடும்பச் சண்டை எல்லாம் அந்தப் பச்சை உடை மாதங்களில்தான் வருகின்றன. அதிகமாகப் பார்க்க வேண்டிய காலத்தில்தான் நாம் பார்க்காமல் விடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதக் கடைசி வாரத்தில் ஒரு மீனவப் பெரியவர் நம்மைத் தேடி வந்தார். அவரும் தம்பியும் சேர்ந்து ஒரு விசைப்படகு வைத்திருந்தனர். கணக்கு வழக்கில் மனத்தாங்கல் ஏற்பட்டு, நெடுநாள் பேச்சு வார்த்தையின்றி இருந்தவர்கள், அவ்வாண்டு பெரிய வெள்ளிக்கிழமை சிலுவை முத்தி செய்தபின் கோவில் வாசலில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததைப் பங்கே பார்த்தது. மீன்பிடித் தடைக்காலம் முழுவதும் இருவரும் சேர்ந்தே படகைப் பழுது பார்த்தனர். தடை நீங்கிப் படகு கடலுக்குச் சென்று திரும்பிய முதல் கணக்கிலேயே, டீசலுக்கு எவ்வளவு, ஐஸ்கட்டிக்கு எவ்வளவு என்று பேச்சு முற்றிப் பழைய பகை திரும்பிவிட்டது.

"அன்னைக்குக் கட்டிப் புடிச்சு அழுதோமே, சாமி. இப்ப மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. அன்னைக்கு நான் செஞ்ச பாவசங்கீர்த்தனம் பொய்யா?" என்று அவர் கேட்டார். கண் கலங்கியிருந்தது. உடனே மறுமொழி சொல்ல நமக்கு நா எழவில்லை.

கரையேற்றிய படகும் கடலில் போகும் படகும்

நம் கடற்கரையினருக்குத் தடைக்காலத்தை விளக்க வேண்டியதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்ற இந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. முதலில் 45 நாட்களாக இருந்தது; 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள். காசிமேட்டில் அந்நாட்களில் கரையேற்றிய படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அடிப்பகுதியில் ஒட்டிய கொட்டலசையும் பாசியையும் சுரண்டி எடுப்பார்கள், விரிசலை அடைப்பார்கள், எஞ்சினைப் பிரித்து மாட்டுவார்கள், வண்ணம் பூசுவார்கள். வலைகளைப் பரப்பி வைத்துக் கிழிசல்களைப் பின்னுவார்கள்.

திருச்சபையின் நாட்காட்டியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே வருகிறது; பெந்தகோஸ்து மே 10க்கும் ஜூன் 13க்கும் இடையே வருகிறது. எந்த ஆண்டானாலும், பெந்தகோஸ்து கடந்த பிறகே நம் விசைப்படகுகள் மீண்டும் கடலில் இறங்குகின்றன. ஆத்துமத்தைப் பழுதுபார்த்து முடித்தோம், இனிக் கடல்தான் என்று இரண்டு நாட்காட்டிகளும் ஒன்றாகச் சொல்வது போல் இல்லையா?

ஆகவே அப்பெரியவரிடம் கேட்டோம்: "ரெண்டு மாசம் கரையில வச்சு எல்லா ஓட்டையும் அடைச்சீங்களே. இப்பக் கடல்ல போகும்போது உள்ளே தண்ணி வருதான்னு பாக்குறீங்களா, இல்லையா?"

அவர் நம்மை வியப்போடு பார்த்தார். "தினமும் பாக்கணுமே சாமி! கடல்ல போற படகு. பாக்கலன்னா முழுகிடுமே" என்றார். சொன்னவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். நாம் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வுண்மை இக்கரைக்குப் புதிதன்று. சென்னைக்குத் துறைமுகம் அமையுமுன், கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. ஆட்களையும் சரக்குகளையும் அலை உடையும் இடத்தைக் கடந்து கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். இராயபுரத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் அப்படகுகளைச் செலுத்தியவர்களே. அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். விறைப்பான படகு மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்துகொடுக்கும். ஆனால், தையல் வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் துடுப்புப் போடுவோர் ஒருபுறம் இருக்க, தண்ணீரை இறைத்து ஊற்றுவதற்கென்றே படகில் ஆள் இருப்பான். கசிவதால் அதனைக் கெட்ட படகு என்று யாரும் ஒதுக்கவில்லை. இறைக்க ஆளில்லாமல் கடலில் இறக்கினால்தான் ஆபத்து.

மனித இருதயமும் தைத்த படகே. அருட்சாதனத்தால் மன்னிப்புப் பெற்றது மெய். மறுபடியும் கசிகிறதே என்பதால் அம்மன்னிப்பு பொய்யாகிவிடாது.

இராயப்பர் தம்மைப் பார்த்தது எப்போது?

நம் முன்னோர் புனித பேதுருவை இராயப்பர் என்று அழைத்தனர். இராயபுரம் என்ற ஊர்ப்பெயரே அவருடைய பெயரால் அமைந்தது. அவர் மீனவர், நம் ஊர்ப் பாதுகாவலர். அவர் தம்மையே ஆழ்ந்து பார்த்தது எப்போது என்று நற்செய்தியைத் திறந்து பாருங்கள்.

தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில், குளிருக்காகக் கரிநெருப்பு மூட்டியிருந்தார்கள். அதனருகே குளிர்காய்ந்துகொண்டுதான் இராயப்பர் தம் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்தார். சேவல் கூவியதும் மனங்கசந்து அழுதார். ஆயினும் அக்கண்ணீரோடு அவருடைய ஆன்ம சோதனை நிறைவு பெறவில்லை. ஆண்டவர் உயிர்த்த பின்னர், ஒருமுறைக்கு இருமுறை சீடர்களுக்குத் தோன்றிய பின்னர், இராயப்பர் மறுபடியும் மீன்பிடிக்கப் போகிறார். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. விடியும் வேளையில் ஆண்டவர் கரையில் நிற்கிறார். அங்கே கரிநெருப்பு எரிகிறது. அதன்மேல் மீன் இருக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தச் சொல் இரண்டே இடங்களில்தான் வருகிறது. மறுதலித்த முற்றத்தில் ஒன்று; உயிர்த்தவர் உணவு சமைத்து வைத்த இக்கரையில் மற்றொன்று.

முதலில் உண்ணச் செய்கிறார். உண்ட பிறகே கேட்கிறார். ஏன் மறுதலித்தாய் என்று ஒருமுறையேனும் கேட்கவில்லை. தம்மை அன்பு செய்கிறாயா என்றே மும்முறை கேட்கிறார். மூன்றாம் முறை கேட்டபோது இராயப்பர் வருந்தினார் என்று யோவான் எழுதுகிறார். அந்த வருத்தம் உயிர்ப்புக்குப் பின் வந்த வருத்தம் அன்றோ?

இங்கேதான் தவக்கால ஆய்வுக்கும் அதன்பின் தொடர வேண்டிய ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு விளங்குகிறது. தவக்காலத்தில் நாம் எங்கே தவறினோம் என்று தேடினோம். இப்போது, மன்னித்து உணவும் கொடுத்தவர் எதிரே உட்கார்ந்து, அவரை அன்பு செய்கிறோமா என்று நம்மையே கேட்கிறோம். முதல் கேள்வியை ஆண்டுக்கொருமுறை கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஒருவன் நினைக்கக்கூடும். அன்பைப் பற்றிய கேள்வியை ஆண்டுக்கொருமுறை கேட்டால் எந்தக் குடும்பமாவது நிலைக்குமா?

அந்தியோக்கியாவின் பந்தி

பெந்தகோஸ்து நாளில் பரிசுத்த ஆவியைப் பெற்ற பிறகாவது இராயப்பர் தவறவே இல்லையா? தவறினார். யோப்பா என்ற துறைமுக ஊரில், கடலோரத்தில் குடியிருந்த தோல் பதனிடும் ஒருவருடைய வீட்டு மாடியில் செபித்துக்கொண்டிருந்தபோது, எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லலாகாது என்பதை இறைவன் அவருக்கு உணர்த்தினார். அவரும் ஏற்றுக்கொண்டு பிற இனத்தாரின் வீட்டுக்குள் நுழைந்தார். ஆனால் பின்னர் அந்தியோக்கியாவில், பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு உட்கார்ந்து உண்டுகொண்டிருந்தவர், யெருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சிப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். சின்னப்பர் எல்லாருக்கும் முன்பாக அவரை நேருக்கு நேர் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய மடலில் இதனை மறைக்காமல் பதித்தும் வைத்தார். இவ்விருவரையும் ஒரே நாளில், ஜூன் 29இல், திருச்சபை கொண்டாடுவது எவ்வளவு பொருத்தம்!

பந்தி என்றதும் நம் மனம் உறுத்த வேண்டும். உயிர்ப்பு விழாவன்று கோவில் வளாகத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்டோம். கடற்கரைத் தெருக்காரர், ஆலை வேலைக்கு வந்து குடியேறியவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், சாக்கடையில் இறங்கி உழைத்தவர் என்று அன்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. அதே நாம் ஆவணி மாதத்தில் பெண் பார்க்கப் புறப்படும்போது என்ன கேட்கிறோம்? எந்தத் தெரு என்கிறோம். யார் வகை என்கிறோம். சில வீட்டுப் பத்திரிகையைப் பெற்றுக்கொண்டு, திருமணத் திருப்பலிக்கு மட்டும் போய், விருந்துக்கு உட்காராமல் திரும்பிவிடுகிறோம். அந்தியோக்கியா தொலைவில் இல்லை.

நம் கையில் ஒட்டிய எண்ணெய்

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து பரவியது. படகும் வலையும் கறுத்தன. கரையோர மீனவர்கள் தங்கள் கைகளாலேயே எண்ணெயை மொண்டு எடுத்ததை நாடே பார்த்தது. அதே மாதம் 26ஆம் நாள் இரவில், கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். இவற்றுக்குப் பொறுப்பானவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பது நீதி. ஆன்ம சோதனை அந்தக் குரலை அடக்குவதற்கு வந்ததன்று. ஆனால் அதே மூச்சில் நம்மையும் கேட்போம். எஞ்சினிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை எங்கே ஊற்றுகிறோம்? கிழிந்த நைலான் வலையை எங்கே எறிகிறோம்? அக்கம்பக்கத்தாரின் அவசரத்துக்குக் கொடுத்த பணத்துக்கு என்ன வட்டி வாங்குகிறோம்? மீன் விற்றுவிட்டு வரும் மனைவியின் சுருக்குப்பையிலிருந்து எடுத்த பணம் எந்தக் கடைக்குப் போகிறது? தன் வீட்டுக் கசிவை அடைக்கிறவனுடைய குரலுக்குத்தான் வெளியே வலு உண்டு.

நம்முடைய குறை ஒன்று

பிறரைச் சொன்ன நாம் நம்மையும் சொல்லத்தான் வேண்டும். குருமடத்தில் பயின்ற நாட்களில், நண்பகலிலும் இரவிலும் மணி அடிக்கும். அமைதியாக உட்கார்ந்து ஆன்ம சோதனை செய்வோம். திருச்சபையின் இரவுச் செபத்திலும் அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும், ஒரு பாஸ்காக் காலத்தில், பெரிய வார உழைப்பின் களைப்பைக் காரணம் காட்டி, வாரக்கணக்கில் அதனை விட்டுவிட்டோம். மீண்டும் தொடங்கிய இரவில், அன்றைய நாளைப் பின்னோக்கிப் பார்த்தபோது ஒரு முகம் எழுந்து நின்றது. சாயங்காலம் ஒரு தாய் வந்து, மகனைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். நாம் கடிகாரத்தைப் பார்த்து, "நாளைக்கு வாம்மா" என்றோம். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்நேரம் நாம் அதனைக் கவனிக்கவே இல்லை. இரவில்தான் அந்த முந்தானை கண்ணுக்குத் தெரிந்தது.

விடிந்ததும் தெருவை விசாரித்துக்கொண்டு போனோம். மகன் வேலை இழந்து, குடியில் விழுந்து, மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை என்று அறிந்தோம். தேடிக் கண்டுபிடித்தோம், இன்று அவன் ஓரளவு தேறியிருக்கிறான். இதில் நம் பெருமை ஒன்றுமில்லை. அந்த இரவிலும் படுத்து உறங்கியிருந்தால், அவர் இன்னொரு முறை நம் வாசலுக்கு வந்திருப்பாரா? ஐயமே. முந்தைய வாரங்களில் இப்படி எத்தனை முகங்களைப் பார்க்காமல் விட்டோமோ, அதனை ஆண்டவரே அறிவார்.

வீட்டில் எப்படிச் செய்வது?

இப்பழக்கம் குருமடத்துக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். தமிழ் அச்சு நூல்களின் தொடக்கமே இதற்குச் சான்று. முத்துக்குளித்துறையில் உழைத்த சேசு சபைக் குரு அன்ரீக்கே அன்ரீக்கஸ், 1578இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற நூலை அச்சிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1580இல், பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வதற்கான கையேடு ஒன்றினைக் கொச்சியில் அச்சிட்டுத் தந்தார். தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களுள் ஒன்று, கடலில் முத்துக்குளித்த மக்கள் தம் மனத்துக்குள் மூழ்கிப் பார்ப்பதற்காக அச்சிடப்பட்டது என்பது நமக்குப் பெருமை.

அவர் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் ஆன்ம சோதனைக்கு ஐந்து படிகள் வகுத்தார். நம் வீட்டுக்கு ஏற்றவாறு சொல்வோம். இரவுச் செபமாலை முடிந்ததும் ஐந்து நிமிடம் போதும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்ந்திருக்கட்டும். முதலாவது, அன்று பெற்ற ஒரு நன்மையைக் குறிப்பிட்டு நன்றி சொல்லுங்கள். நன்றியோடு தொடங்காத சோதனை வெறும் நொந்துகொள்ளுதலாகிவிடும். இரண்டாவது, உள்ளதை உள்ளபடி காண ஒளி கேளுங்கள். மூன்றாவது, காலை முதல் இரவு வரை அந்நாளை மணி மணியாக நடந்து வாருங்கள்: சந்தையில், ஆலை வாசலில், பேருந்தில், அடுப்படியில் யாரைச் சந்தித்தோம், என்ன சொன்னோம், எதைச் சொல்லாமல் விட்டோம்? நான்காவது, தவறியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். அந்த ஆள் வீட்டிலேயே இருந்தால் அவரிடமும் கேளுங்கள். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் தகப்பன் சிறியவனாகிவிட மாட்டான். ஐந்தாவது, நாளைக்கென்று ஒரே ஒரு தீர்மானம்; ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள், வேலை முடிந்து திரும்பும் வழியில் செய்யலாம். ஒருநாள் தவறினால் மறுநாள் தொடங்கலாம். வெள்ளிக்கிழமைகளில் சற்றுக் கூடுதல் நேரம் கொடுங்கள். தவக்காலத்து வெள்ளிகள் மட்டுமல்ல, ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளுமே தவ நாட்கள் என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது. மாதம் ஒருமுறை ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வாருங்கள். சனிக்கிழமை மாலையில் உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.

அந்த அண்ணன் தம்பி என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். பெரியவர் அன்று வீட்டுக்குப் போய், ஒரு கணக்கு நோட்டு வாங்கினார். கரை திரும்பும் ஒவ்வொரு முறையும், சாப்பிட உட்காருமுன் தம்பியோடு சேர்ந்து கணக்கை எழுதுவது. எழுதி முடித்ததும் தன் பக்கத்துத் தவறு ஒன்றைத் தானே முதலில் சொல்வது என்று முடிவு செய்தார். முதல் தடவை தம்பி சிரித்தாராம். இரண்டாம் தடவை பேசாமல் இருந்தாராம். நான்கைந்து தடவைக்குப் பிறகு அவரும் ஒன்று சொன்னாராம். அடுத்த ஆண்டு இராயப்பர் திருநாளன்று பெரியவரைக் கண்டு விசாரித்தோம். "சண்டை இன்னும் வருது, சாமி. ஆனா மறுநாளைக்குப் போறதில்ல" என்றார்.

இதைவிட வேறென்ன வேண்டும், அன்புக் குடும்பத்தினரே? அடுத்தமுறை கோவிலுக்கு வரும்போது, திருமுழுக்குத் தொட்டியின் பக்கம் நிற்கும் அந்தக் குட்டையான திரியை ஒரு கணம் நின்று பாருங்கள். நாம் திருமுழுக்குப் பெற்றபோது இதுபோன்றதொரு திரியிலிருந்தே நமக்கும் ஒளி ஏற்றித் தந்தார்கள். நாம் கடைசியாகக் கோவிலுக்கு வரும் நாளிலும் ஒன்று நம் அருகில் எரியும். இடையில் உள்ள நாட்களை அந்த வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வோம், இன்றிரவே தொடங்குவோம். புனித இராயப்பர் நமக்காக வேண்டிக்கொள்வாராக.